லண்டனின் இரு வணிகச் சட்ட நிறுவனங்கள்: வளர்ந்த விதமும் கிடைக்கும் சேவையும்

வணிகச் சட்ட நிறுவனத்தை எத்தனை நாட்டில் கிளை இருக்கிறது என்று பார்த்து எடைபோடாதீர்கள். அது எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். உங்கள் வேலை யார் கைக்குப் போகும் என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஸ்லாட்டர் அண்ட் மே 1889இல் தொடங்கியது. பெரிய இணைப்பு எதற்கும் போகாமல் வளர்ந்த நிறுவனம். லண்டனுக்கு வெளியே பிரஸ்ஸல்ஸ், ஹாங்காங், பெய்ஜிங் என்று சில அலுவலகங்களே உண்டு. மற்ற நாட்டு வேலைக்கு அங்கங்கே உள்ள சுயேச்சையான முன்னணி நிறுவனங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். லாபத்தைப் பணிமூப்புப்படி பிரிப்பதால், தன் கட்சிக்காரரைச் சக பார்ட்னரிடம் (நிறுவனத்தில் பங்குள்ள வக்கீலிடம்) அனுப்பிவைப்பவருக்கு வருமானம் குறைவதில்லை. வரி விஷயம் வந்தால் வரி தெரிந்தவரே பேசுவார். இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். குறை என்னவென்றால், நான்கு நாட்டு நிறுவனங்கள் சேரும்போது வரைவுகள் சுற்றிவர நாளாகும், பில்லும் தனித்தனியாக வரலாம்.

கிளிஃபர்ட் சான்ஸின் பாதை வேறு. பிரிட்டனில் ஒரு கூட்டு நிறுவனத்துக்கு 20 பார்ட்னர்கள்தான் என்ற வரம்பை, சொலிசிட்டர் எனப்படும் வக்கீல்களுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. பெரிய இணைப்புகளுக்கு வழி திறந்தது அதுதான். 1987இல் கிளிஃபர்ட் டர்னரும் கவர்ட் சான்ஸும் ஒன்றாயின. 2000இல் நியூயார்க்கின் ராஜர்ஸ் அண்ட் வெல்ஸும் ஜெர்மனியின் பியூண்டரும் சேர்ந்தன. பல நாட்டு வங்கிகள் சேர்ந்து தரும் கடனுக்கு இந்த அமைப்பு கச்சிதம். ஆனால் கட்சிக்காரர் பட்டியல் நீளும்போது நலன் மோதலும் கூடும். எதிர்த்தரப்புக்கு அவர்களே வேறொரு நாட்டில் வக்கீலாக இருக்கக்கூடும். அதனால் எதிர்த்தரப்பு, அதன் தாய் நிறுவனம், கடன் தருபவர் என எல்லாப் பெயர்களையும் முதலில் கொடுத்து, சரிபார்ப்பு முடிந்த பிறகே ஆவணங்களை அனுப்புங்கள்.

பொதுவாகப் பில் கைமீறுவது மணிக்கட்டணத்தின் உயரத்தால் அல்ல, ஆட்களின் எண்ணிக்கையால். நேரம் ஆறு நிமிடத் துண்டுகளாகக் கணக்காகிறது; ஒரே அழைப்பில் ஐந்து பேர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரம் ஏறிவிடும். சட்ட நிறுவனத்தை அமர்த்தும் நியமனக் கடிதத்தில் வேலையின் எல்லை, குழுவின் பெயர்கள், மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு மூன்றும் இருக்கட்டும். எல்லைக்கு வெளியே போகுமுன் எழுத்தில் ஒப்புதல் கேட்க வேண்டும் என்ற வரியும் வேண்டும். இது விடுபட்டால் உச்சவரம்புக்கு அர்த்தமில்லை.

இணைப்பால் வளர்ந்தது எல்லாம் நிலைக்கும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2007இல் இணைந்து உருவான டூயி அண்ட் லெபஃப், பார்ட்னர்களுக்கு உத்தரவாத ஊதியம் வாக்களித்தது. கடன் சுமையோடு அதுவும் சேர, பார்ட்னர்கள் கூட்டமாக விலகினார்கள். 2012 மே மாதம் திவால் மனு.

என் தேர்வு: ஆங்கிலேயச் சட்டப்படி நடக்கும் பெரிய நிறுவனக் கையகப்படுத்தலுக்கு ஸ்லாட்டர் அண்ட் மே, பல நாட்டுக் கடனுக்குக் கிளிஃபர்ட் சான்ஸ். விநியோக ஒப்பந்தம், குத்தகை போன்றவற்றுக்கு இரண்டுமே வேண்டாம். பார்ட்னரே உட்கார்ந்து வரைவு எழுதும் நடுத்தர நிறுவனம் போதும்.