அரசு ஊழியர் வெல்னஸ் திட்டங்கள்: எதற்குப் பணம் கட்டலாம், எதற்கு வேண்டாம்

அமெரிக்காவில் மாநில அரசுகள் பெரும்பாலும் சுயகாப்பீடுதான். காப்பீட்டு நிறுவனம் பில்லைச் சரிபார்க்கும், பணம் என்னவோ கஜானாவிலிருந்தே போகும். அதனால் "ஆளுக்கு மாதம் சில டாலர் கொடுங்கள், நோயைத் தடுத்துச் செலவைக் குறைத்துக் காட்டுகிறோம்" என்று வரும் வெல்னஸ் நிறுவனங்களுக்கு நிதித்துறையில் உடனே நாற்காலி கிடைத்துவிடுகிறது. விற்கும் தொகுப்பு எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆன்லைன் கேள்வித்தாள், பரிசோதனை முகாம், நடையை எண்ணும் செயலி, போனில் பேசும் ஆலோசகர், கலந்துகொண்டால் பரிசு. இதை மொத்தமாக வாங்காதீர்கள். பிரித்து வாங்கினால் இரண்டு மூன்று உருப்படிகள் காசுக்குத் தகும்.

முதலில் அந்த ‘சேமிப்பு’ எண். 2010இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, வெல்னஸில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் 3.27 டாலர் குறைகிறது என்றது. விற்பனையாளர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 2016இல் இல்லினாய் அரசுப் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பேன் வளாகத்தில் 4,834 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் திட்டத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவச் செலவில் குறிப்பிடும்படி எந்த வித்தியாசமும் வரவில்லை. அதே தரவில், சேர்ந்தவரையும் சேராதவரையும் பழைய பாணியில் ஒப்பிட்டால் மட்டும் பெரிய சேமிப்பு ‘தெரிந்தது’. காரணம் எளிது: சேர்ந்தவர்கள் சேர்வதற்கு முன்பே செலவு குறைவாக உள்ளவர்கள். ஏற்கெனவே நடக்கிறவர்தான் நடைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறார்.

இன்னொரு கணக்கு விளையாட்டும் உண்டு. சென்ற ஆண்டு அதிகம் செலவானவர்களைப் பொறுக்கியெடுத்துத் திட்டத்தில் சேர்த்து, இந்த ஆண்டு குறைந்துவிட்டது என்று காட்டுவார்கள். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு அடுத்த ஆண்டு செலவு தானாகவே இறங்கும், ஆலோசகர் போன் செய்தாலும் செய்யாவிட்டாலும்.

இனி உருப்படிகள். கேள்வித்தாள் தள்ளுபடி செய்ய வேண்டியது. க்ளெய்ம் தரவில் (காப்பீட்டுக்கு வந்த மருத்துவ பில்களில்) இருப்பதைத் தாண்டி அது சொல்வது சொற்பம், கிளப்பும் ஆத்திரமோ ஏராளம். 2013இல் பென்ஸில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகம் அதை நிரப்பாதவர்களுக்கு மாதம் 100 டாலர் அபராதம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தது. செயலியும் அதே ரகம். மேற்கு வர்ஜீனியாவில் பயன்படுத்தாதவர்களுக்குக் கூடுதல் கட்டணம் என்ற திட்டம், 2018 ஆசிரியர் போராட்டத்துக்கு வழிவிட்ட கோபங்களில் ஒன்றாகிக் கடைசியில் கைவிடப்பட்டது.

பரிசோதனை முகாமில் பாதிச் செலவு இரட்டைச் செலவு. ரத்த அழுத்தம், பெரியவர்களுக்கான நீரிழிவுச் சோதனை, 45 வயதிலிருந்து பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனை போன்ற பரிந்துரைக்கப்பட்ட தடுப்புச் சேவைகளைக் காப்பீடு ஏற்கெனவே கைக்காசு வாங்காமல் தர வேண்டும் என்பது 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். போதாக்குறைக்கு முகாம்களில் அளவீடே தகராறு. வரிசையில் நின்றவரை உட்கார வைத்த கையோடு, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே அழுத்தம் பார்ப்பார்கள். சரியான முறை வேறு: ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், கை இதய உயரத்தில் தாங்கி இருக்க வேண்டும், பட்டை வெறும் கையில் சுற்றப்பட வேண்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்கு வழக்கமான பட்டையைப் போட்டால் மேல் எண் கிட்டத்தட்ட 20 மி.மீ. கூடிக் காட்டும். இல்லாத நோய்க்கு மாத்திரை எழுத அதுவே போதும். முகாம் வைத்தே ஆக வேண்டுமென்றால், நான்கு அளவுப் பட்டைகளும், இரண்டாம் அளவீடும், எண் உயர்ந்தவருக்கு அந்த இடத்திலேயே மருத்துவர் அப்பாயின்ட்மென்டும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பினால் அது காரில் கிடக்கும்.

காசுக்குத் தகுந்தது எது என்றால், ஏற்கெனவே நோய் உள்ளவர்களைக் கவனிக்கும் பகுதி. பெப்ஸிகோ திட்டத்தின் ஏழு ஆண்டுத் தரவை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தினர் பிரித்துப் பார்த்தபோது, நோய் மேலாண்மையில் போட்ட ஒரு டாலருக்கு 3.80 டாலர் திரும்பியது. வாழ்க்கைமுறை மாற்றப் பகுதியில் திரும்பியது வெறும் 50 சென்ட்.

அடுத்தது நீரிழிவுத் தடுப்பு வகுப்பு. ஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை) 5.7 முதல் 6.4 வரை உள்ள, எடை கூடிய ஊழியர்களைக் குறிவைக்க வேண்டும். இந்த வகுப்புக்கு அடிப்படையான 2002 சோதனையில், 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக வைத்த குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையில் 31 சதவீதம். சிடிசி (அமெரிக்க மத்திய அரசின் நோய்த் தடுப்பு அமைப்பு) அங்கீகரித்த வகுப்பு ஓராண்டு ஓடும், முதல் ஆறு மாதத்தில் மட்டும் குறைந்தது 16 அமர்வுகள். ஆள் கழன்றுகொள்வதுதான் இதன் பெரிய ஓட்டை. ஆகவே சேர்ந்த தலைக்குப் பணம் கொடுக்காதீர்கள், அமர்வுக்கும் 5 சதவீத எடை குறைந்ததற்கும் கொடுங்கள். வேலை நேரத்தில் வகுப்புக்குப் போக அனுமதி இல்லையென்றால் பேருந்து ஓட்டுநரும் சிறைக் காவலரும் வரவே மாட்டார்கள், அலுவலக மேசைக்காரர்கள் மட்டும் வருவார்கள்.

முழு அமைப்பாகப் பார்த்தால் கனெக்டிகட் மாநிலம் 2011இல் தொடங்கியது உருப்படியான வடிவம். வயதுக்குரிய சோதனைகளைச் செய்துகொள்ளாதவர் மாதம் 100 டாலர் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்ற ஐந்து நாள்பட்ட நோய்களுக்கு மருந்தின் கைக்காசு குறைப்பு அல்லது ரத்து. சோதனைகள் கூடின, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது கூடியது. மொத்தச் செலவு குறைந்ததா என்பதற்கு மட்டும் ஆய்வில் தெளிவான பதில் வரவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. வராத பக்கவாதத்தின் மிச்சம் இரண்டே ஆண்டில் பட்ஜெட்டில் தெரியாது. அரசு ஊழியர் தனியார் ஊழியரைவிட நீண்ட காலம் ஒரே இடத்தில் இருப்பவர் என்பதால் காத்திருக்க அரசுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் ஓய்வுபெற்றவர்களுக்கு 65க்குப் பிறகு மத்திய அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் முதல் பொறுப்பை ஏற்பதால், பலனில் ஒரு பங்கு மத்திய அரசுக்குப் போகும் என்பதையும் கணக்கில் எழுதிவைக்க வேண்டும்.

ஒப்பந்தம் போடும்போது ஒன்றை விடாதீர்கள். எல்லா அரசு ஏஜென்சிகளிலும் ஒரே நாளில் தொடங்காமல், குலுக்கிப் போட்டுப் பாதி ஏஜென்சிகளில் மட்டும் முதலில் தொடங்குங்கள், மீதியில் 18 மாதம் கழித்து. ஒப்பீட்டுக்கு வேறு செலவே இல்லை. சேராதவர்களையும் சேர்த்து மொத்த ஊழியர்களின் க்ளெய்மை வெளி ஆக்சுவரி (காப்பீட்டுக் கணக்கு நிபுணர்) ஒருவர் பார்க்கட்டும், கட்டணத்தில் ஒரு பகுதி அவர் கையெழுத்துக்குப் பிறகே போகட்டும். இதற்கு மறுக்கும் நிறுவனத்திடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.