ஊருக்கு போக காசில்லன்னு வந்து நின்னா: கேஷா, டிக்கெட்டா, சாப்பாடா, ஜிபேவா?

பெங்களூர்ல நம்ம ஆளுங்களுக்கு இந்த தொல்லை கொஞ்சம் ஸ்பெஷல். சாந்திநகர் பஸ் ஸ்டாண்ட்லயோ மெஜஸ்டிக்லயோ நின்னுக்கிட்டு போன்ல அம்மாகிட்ட ரெண்டு வார்த்த பேசினா போதும், பக்கத்துல இருந்து "தம்பி தமிழா?"ன்னு ஒரு குரல் வரும், அதுலயே பாதி பர்ஸ் தொறந்துடும். அப்புறம் வர்ற கத தெரிஞ்சதுதான், பர்ஸ அடிச்சுட்டாங்க, இல்லன்னா கூட்டிட்டு வந்த மேஸ்திரி கூலி குடுக்காம ஓடிட்டான். மூஞ்சிய பாத்து பொய்யா நிஜமான்னு கண்டுபிடிக்கலாம்னு ரொம்ப வருஷம் ட்ரை பண்ணி தோத்துட்டேன், இப்ப பாக்கறது எப்படி குடுக்கறதுங்கறத மட்டும்தான்.

கேஷ் குடுத்தா அர நிமிஷத்துல முடிஞ்சிடும். பத்தோ இருபதோ குடுத்துட்டு அவன் டீ குடிச்சானா சரக்கடிச்சானான்னு யோசிக்காம போயிடணும், யோசிக்கறவங்க கேஷ் குடுக்கவே கூடாது. ஆனா முந்நூறு நானூறுன்னு கேட்டா நான் கேஷ் குடுக்கறதில்ல.

அங்கதான் டிக்கெட். போன தீபாவளிக்கு முன்னாடி சாந்திநகர்ல ஒருத்தர், கையில கட்டைப்பை, கூட சம்சாரம், ஒரு பையன், சேலம் போகணும்னாரு. காசு தரமாட்டேண்ணே, பஸ் ஏத்தி விடறேன் வாங்கன்னேன். புளுகுற ஆளா இருந்தா இந்த இடத்துல "கேஷா குடுத்துடு தம்பி, நான் பாத்துக்கறேன்"னு நழுவுவாங்க, இவரு பேசாம வந்தாரு. நான் முன்னாடி, அவங்க மூணு பேரும் பின்னாடி, ஏதோ போலீஸ் ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போற மாதிரி. கண்டக்டர்கிட்ட ரெண்டு ஃபுல்லு ஒரு ஹாஃப், அறுநூத்தி சொச்சம் ஆச்சு. பஸ்ல ஏறினதும் "உங்க நம்பர் குடுங்க, போனதும் அனுப்பிடறேன்"னாரு. நான் பயந்துக்கிட்டு வேணாம்ணே பரவால்லன்னுட்டேன். அந்த நம்பர் கேக்கறது ஏமாத்துறவனும் செய்வான், கடனா வாங்கினதா இருக்கட்டும்னு நினைக்கற மானஸ்தனும் செய்வான், எனக்கு வித்தியாசம் தெரியல. உண்மைய சோதிக்க டிக்கெட்ட விட நல்ல வழி இல்ல, ஆனா நேரமும் போகும், அந்தாளுக்கு கூச்சமும் மிஞ்சும்.

பசிக்குதுன்னு கேட்டா சாப்பாடுதான், இதுல குழப்பமே இல்ல. கர்நாடகா அரசு 2017ல ஆரம்பிச்ச இந்திரா கேன்டீன்ல காலைல டிஃபன் 5 ரூபா, மதியம் 10 ரூபா, பக்கத்துல இருந்தா நேரா அங்க கூட்டிட்டு போகலாம், நேரம் தாண்டிட்டா ஏதாவது தர்ஷினில (நின்னுக்கிட்டே சாப்பிடற சின்ன ஹோட்டல்) இட்லி வடை. கொழந்தைக்கு பால் பவுடர்னு மெடிக்கலுக்கு இழுத்துட்டு போனா மட்டும் டப்பாவோட சீல பிரிச்சு குடுங்க, பிரிக்காத டப்பா திரும்ப கடைக்கே போயிடும்னு சொல்றாங்க.

ஜிபே சமாச்சாரம் தனி. "அண்ணா நான் உங்களுக்கு ஐநூறு ஜிபே பண்றேன், நீங்க கேஷ் குடுங்க"ன்னு வருவாங்க, பிச்சையே இல்லாத மாதிரி தெரியும், ஆனா நாலு வழில எனக்கு இதுதான் மோசம். அவங்க காட்டற ஸ்க்ரீன்ஷாட்ட நம்பவே கூடாது, நம்ம பேங்க் ஆப்ப தொறந்து பேலன்ஸ் ஏறிச்சான்னு பாத்துட்டுதான் கேஷ எடுக்கணும். நமக்கு காசு வர்றதுக்கு பின் நம்பர் போட வேண்டிய அவசியமே கிடையாது, போட சொன்னா காசு நம்ம அக்கவுண்ட்ல இருந்துதான் போகுது.

எதுவுமே குடுக்காம நடையக் கட்டறவங்கள நான் திட்ட மாட்டேன். கர்நாடகால 1975ல இருந்து பிச்சை தடுப்பு சட்டம் இருக்கு, வீட்டு வரியோட சேத்து அதுக்குன்னே 3% செஸ், அதாவது கூடுதல் வரி, வாங்கறாங்க, அந்த காசுலதான் மாகடி ரோட்ல பிச்சை எடுக்கறவங்களுக்கான மறுவாழ்வு மையம் ஓடுது. ஏற்கனவே கட்டிட்டேன்னு எங்க ஓனர் சொல்றது கணக்குப்படி கரெக்ட்டுதான் (வாடகைல அதையும் சேத்துதான் வாங்கறாருங்கறது வேற கத). சிக்னல்ல கைக்கொழந்தையோட யாராவதோ சின்ன பசங்களோ நின்னா காசு குடுக்காம கொழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098க்கு போன் போடறேன், தனியா தவிக்கற வயசானவங்கன்னா முதியோர் ஹெல்ப்லைன் 14567.

இப்ப சட்டைப் பாக்கெட்ல தனியா ரெண்டு இருபது ரூபா நோட்டு வெச்சிருக்கேன். பர்ஸ தொறந்தா உள்ள இருக்கறது அவங்களுக்கும் தெரிஞ்சிடும், அப்புறம் கத பெருசாயிடும்.