சோக்கை விடுவதா, கழற்றுவதா, ஃபிட்டிங்கையே மாற்றுவதா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் ஜேக்கப்ஸ் பகுதியில் எங்கள் பட்டறை. முன்பக்கம் லேத்தும் டிரில்லிங் மெஷினும். பின்பக்கம் கார் டிங்கரிங், இந்த ஊர்ப் பேச்சில் பேனல் பீட்டிங். தகரக் கூரைக்குக் கீழே 20 ஃபிட்டிங், ஒவ்வொன்றிலும் 5 அடி, 58 வாட் டியூப் இரண்டு. எல்இடிக்கு மாற வேண்டும் என்பதில் எங்களுக்குள் மறுபேச்சே இல்லை. சோக் தின்பதையும் சேர்த்தால் ஒரு டியூப்புக்கு ஏறக்குறைய 70 வாட் போகிறது. அதே நீள எல்இடி டியூப் 24 வாட்டில் எரியும். 40 டியூப்புக்குக் கணக்குப் போட்டால் 1,800 வாட்டுக்கு மேல் மிச்சம். நாளுக்கு 9 மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் சுமார் 360 யூனிட். 2023-ல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது இன்வெர்ட்டரில் நாலு டியூப் போடவே யோசித்தோம். அப்புறம் டியூப்லைட்டுக்குள் இருக்கும் பாதரசப் பிரச்சினை வேறு. 2027 முடிவோடு டியூப்லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்துவதாக, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023-லேயே முடிவெடுத்துவிட்டன. தென்னாப்பிரிக்காவும் அதில் ஒன்று.

எப்படி மாறுவது என்பதில்தான் மூன்று வழி.

முதலாவது, சோக்கைத் தொடாமல் விடுவது. பழைய டியூப்பையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு, எல்இடி டியூப்போடு பெட்டியில் வரும் புது ஸ்டார்ட்டரைச் செருகினால் வேலை முடிந்தது. அது பார்க்கத்தான் ஸ்டார்ட்டர், உள்ளே இருப்பது வெறும் ஃபியூஸ். வயரில் கை வைக்க வேண்டாம், வாடகைக் கட்டடம் என்றால் காலி செய்யும்போது பழையபடி மாற்றிக்கொள்ளலாம். சோக் இன்னும் ஒன்றிரண்டு வாட் தின்னும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். என் கவலை வேறு. இருபது வருஷம் கடல் காற்றில் கிடந்த சோக்கும் ஹோல்டரும் அப்படியே இருக்கின்றன. விளக்கு அணைந்தால் கெட்டது டியூப்பா, சோக்கா, பச்சைக் களிம்பு பிடித்த ஹோல்டரா என்று ஏணியில் நின்று தேட வேண்டும். இன்னொன்று, உங்கள் ஃபிட்டிங்கில் இருப்பது இரும்பு சோக் இல்லாமல் எலக்ட்ரானிக் சோக் என்றால் இந்த டியூப் ஆகாது. அதற்கென்று செய்த டியூப்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது, சோக், ஸ்டார்ட்டர், கப்பாசிட்டர் மூன்றையும் எடுத்துவிட்டு 230 வோல்ட்டை நேராக டியூப்புக்குக் கொடுப்பது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இதற்குள்ளேயே இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் லைவும் நியூட்ரலும் டியூப்பின் ஒரே முனையில் வரும். மற்றதில் லைவ் ஒரு முனை, நியூட்ரல் மறு முனை. முதலில் எங்களுக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது வகை. ஸ்விட்ச் அணைத்திருக்கிறது என்ற நம்பிக்கையில் பையன் ஒருவன் ஏணியில் ஏறி, ஒரு முனையை ஹோல்டரில் செருகிவிட்டு மறு முனையைப் பிடித்துத் திருப்பினான். உண்மையில் அணைந்திருந்தது பக்கத்து வரிசை. டியூப்புக்குள்ளே ஓடி வந்த கரண்ட் கையிலிருந்த முனையின் பின் வழியாக அவனை உதறியது. டியூப் கீழே விழுந்து உடைந்தது; அவன் விழாதது எங்கள் பாக்கியம். "அண்ணே, இந்தப் பக்கம் கரண்ட் வரும்னு யாரும் சொல்லலையே" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. டியூப் போடும்போது மறு முனையில் கை படத்தான் செய்யும். அதனால் நேரடி இணைப்பு என்றால் ஒரே முனையில் கரண்ட் வரும் டியூப்தான், அதையும் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டுதான். நாளைக்கு வேறொருவர் தெரியாமல் பழைய டியூப்பை அதில் மாட்டினால் ஃபிலமென்ட் மேலேயே 230 வோல்ட் பாய்ந்து பொசுங்கும். ஃபிட்டிங்கின் உடம்பில் "எல்இடி மட்டும்" என்று ஒட்டாமல் வேலையை முடித்ததாக எண்ணக் கூடாது.

மூன்றாவது, ஃபிட்டிங்கையே தூக்கிவிட்டு, தூசியும் ஈரமும் புகாத ஐபி65 எல்இடி ஃபிட்டிங் போடுவது. செலவு இதற்குத்தான் அதிகம். உள்ளே டிரைவர், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் பாகம், போனால் பல மாடல்களில் முழுசாக மாற்ற வேண்டும். ஆனால் துருப்பிடித்த ஹோல்டர் தொல்லை ஒழியும்.

விலையை வைத்து மட்டும் இதைத் தீர்மானிக்க முடியாது. லேத் முன்னால் நின்று பார்த்தால் கணக்கு மாறும். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரியும். லேத்தில் வேலைப் பொருளைப் பிடித்துச் சுற்றும் சக்கில் நாலு ஜா, அதாவது நாலு பிடி; அது 1,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,500 சுற்று) சுற்றும்போது நொடிக்கு 25 சுற்று. ஒவ்வொரு மினுக்கலுக்கும் சரியாகக் கால் சுற்று. ஒரு ஜா இருந்த இடத்தில் அடுத்தது வந்து நிற்கும். சுற்றுகிற சக் நிற்பது போலத் தெரியும், கை நீளும். பழைய டியூப்பில் பாஸ்பர் பூச்சு கொஞ்சம் மினுங்கிக்கொண்டே இருப்பதால் இது ஓரளவு மட்டுப்படும். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் மங்காமல் இருக்க, விளக்கு வரிசைகளை மூன்று பேஸிலும் பிரித்துப் போடுவதும் இதற்காகத்தான். மலிவு எல்இடியிலோ டிரைவர் சரியில்லை என்றால் வெளிச்சம் முழுசாக அணைந்து அணைந்து எரியும். கடையிலேயே எரியவிட்டு, போன் கேமராவை நெருக்கமாகப் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது லேத்துக்கு மேலே போகக் கூடாது.

டிங்கரிங் பக்கம் தேவை வேறு. தட்டி எடுத்த கதவைத் தேய்த்துத் துடைத்ததும், டியூப்பின் பிம்பம் அதில் ஒரு கோடாக எப்படி விழுகிறது என்றுதான் கைதேர்ந்தவர் முதலில் பார்ப்பார். கோடு நேராக ஓடினால் தகடு சமம். வளைந்தால் அங்கே இன்னும் நசுங்கல் இருக்கிறது. கண்ணாடி போலத் தெளிவான உறை போட்ட எல்இடி டியூப்பில் அந்தக் கோடு புள்ளி புள்ளியாக உடைந்துபோகும், சின்ன நசுங்கல் அதில் மறைந்துவிடும். பால் நிற உறைதான் வேண்டும். பெயின்ட் நிறம் பார்க்கும் இடத்தில் சிஆர்ஐ, அதாவது அந்த வெளிச்சத்தில் நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்று காட்டும் குறியீடு, 90-க்கு மேல் வேண்டும். மற்ற இடங்களுக்கு 80 போதும்.

கடைசியில் நாங்கள் மூன்றையும் பிரித்துக்கொண்டோம். லேத், டிரில்லிங்குக்கு மேலே 8 புது ஃபிட்டிங், பட்டை ஓடாதது பார்த்து. டிங்கரிங் பக்கம் 10 ஃபிட்டிங்கில் நேரடி இணைப்பு, ஒரு முனை, பால் நிற உறை. ஸ்டோர் ரூமிலும் ஆபீஸிலும் தலா ஒரு ஃபிட்டிங். அங்கே சோக் அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். கழற்றிய 40 டியூப்பையும் உடைக்காமல் அட்டைப் பெட்டிகளில் கட்டி வைத்திருக்கிறோம். குப்பைத் தொட்டியில் போடும் பொருள் இல்லை அது. பாதரசக் கழிவாகத்தான் வெளியே போகும்.