ஓசூர் பக்கம் ‘பிரீ லான்ச்’ (முறைப்படி அறிமுகம் ஆவதற்கு முன்பே விற்கிற) ஃப்ளாட்டுக்கு டோக்கன் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பில்டர் கொடுத்த செக் இன்று மதியம் திரும்பி வந்துவிட்டது. இரண்டு லட்சத்துக்கான செக். கணக்கில் போதிய பணம் இல்லையாம். நாங்கள் கொடுத்தது 6,40,000 ரூபாய். பதினாறு மாதம் அலைந்து வாங்கியது இந்த ஒரு காகிதம், அதுவும் செல்லாது. இன்னும் கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஓசூரில் மெயின் ரோட்டிலேயே கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் வைத்து ஆபீஸ் போட்டிருக்கிற ஒரு பில்டர். இதே மாதிரி இன்னும் எத்தனை பேரோ.

2024 ஜூன் கடைசியில் ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று முதல்வர் சட்டசபையில் அறிவித்தார் இல்லையா, 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகள் என்று? அந்த வாரமே வாட்ஸப்பில் நோட்டீஸ் பறக்க ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. பதினோரு வருஷமாக வாடகை வீடு. “இப்ப சதுரடி 3,900 மேடம். ஏர்போர்ட் வேலை ஆரம்பிச்சா 6,000 தாண்டிடும். ஆடி பிறக்கறதுக்குள்ள டோக்கன் போட்டுடுங்க” என்றார்கள் பில்டரின் ஆட்கள். 1,020 சதுரடி, இரண்டு பெட்ரூம், மொத்தம் 39,78,000. கணக்குப் போட்டுப் பார்த்தோம், கட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது.

ஆபீசுக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். அங்கேதான் விழுந்தோம். நடுவில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி, அதற்குள் தெர்மாகோலில் ஐந்து மாடிக் கட்டடம். பச்சை மரத்தூளில் புல்வெளி, பொம்மைக் கார், நீச்சல் குளத்துக்கு நீலக் காகிதம். அங்கே ஃப்ளாட் விற்கிற ஒரு தம்பி, வயது இருபத்தைந்துகூட இருக்காது, ஒரு சுவிட்சைத் தட்டினான். மூன்றாவது மாடியில் தெற்குப் பார்த்த ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் கடுகளவு பல்பு எரிந்தது. அத்தைக்குப் பிறந்த ஊர் பேரிகை பக்கம், பேச்செல்லாம் தெலுங்குதான். அவன் அதை எப்படியோ மோப்பம் பிடித்து அவர் பக்கம் திரும்பி, “இதி மீ இல்லே அம்மா” என்றான். ‘இது உங்க வீடேதான்’ என்று அர்த்தம். அத்தை கண்ணாடியில் விரலை வைத்து அந்த ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். தமிழில் அந்த ‘இல்லே’வுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

டோக்கன் 50,000. ஆவணியில் மீதி 5,90,000. அதில் சீட்டு எடுத்தது 2,40,000, என் நகையை அடகு வைத்தது 1,50,000, அத்தை தன் பங்கு நிலத்தை விற்று வைத்திருந்தது 2,00,000. நகைக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். பணம் அனுப்பும்போது அக்கவுண்ட் பெயர் வேறு மாதிரி இருந்தது, ஏதோ மார்க்கெட்டிங் என்று. கேட்டேன். “அது நம்ம சிஸ்டர் கன்சர்ன்தான் மேடம்.” சரி என்று அனுப்பிவிட்டேன். இந்த ‘சரி’க்கு விலை 6,40,000 ரூபாய்.

அதற்கப்புறம் அவர்கள் சொன்ன சாக்குகளைக் கோர்த்தால் ஒரு பஞ்சாங்கமே வரும். பூமி பூஜை எப்போது என்றால், புரட்டாசி முடியட்டும். அப்புறம் மழை. அப்புறம் “மார்கழியில யாராவது கடைக்கால் போடுவாங்களா மேடம்?” தை பிறந்தால் வழி பிறக்கும் என்று எனக்கே பழமொழி சொன்னார்கள். தையும் போனது. “அப்ரூவல் ஃபைல் மூவ் ஆயிட்டிருக்கு” என்றார்கள். ஆறு மாதமாக அந்த ஃபைல் எங்கே மூவ் ஆனதோ.

சித்திரையில் லோன் விசாரிக்க பாங்குக்குப் போனோம். மேனேஜர் முதலில் கேட்டதே ரேரா நம்பர், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்த நம்பர். நோட்டீஸின் அடியில் எறும்பு ஊர்கிற எழுத்தில் ஒன்று இருந்ததே, அதைக் காட்டினேன். அவர் அங்கேயே தமிழ்நாடு ரேரா தளத்தில் போட்டுப் பார்த்தார். அது வேறொரு ஊரில் இதே ஆட்கள் முன்பு போட்ட மனைப்பிரிவின் நம்பர். எங்கள் அடுக்குமாடிக்குப் பதிவே இல்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பில்டர் பெயரில் ஒரு வரி கிடையாது. பட்டா ஐந்து பங்காளிகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக அப்படியே இருக்கிறது.

மறுநாளே சைட்டுக்குப் போனோம். போர்டு மட்டும் வெயிலில் வெளுத்து நின்றது. பின்னால் உழுது போட்ட கேழ்வரகுக் காடு. ஓரத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டால், “எந்த அபார்ட்மெண்டு? அட்வான்ஸ்னு கொஞ்சம் குடுத்தாங்க, அப்புறம் ஆளையே காணோம். நீங்க பார்த்தா சொல்லுங்க” என்கிறார். அவர் அந்த ஐந்து பங்காளிகளில் ஒருவராம்.

பணத்தைத் திருப்பிக் கேட்ட பிறகு ‘மேடம்’ மறைந்துபோனது. கேன்சலேஷன் சார்ஜ் 25 சதவீதம் பிடிப்போம் என்றார்கள். உங்கள் ஃப்ளாட்டை வேறு கஸ்டமருக்கு விற்றால்தான் பணம் வரும் என்றார்கள். இல்லாத ஃப்ளாட்டை இன்னொரு ஏமாளிக்கு விற்று எனக்குத் தருவார்களாம்! எம்.டி. எப்போதும் பெங்களூரில் மீட்டிங்கில். மேனேஜர் மூன்று முறை மாறிவிட்டார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்லி, ரசீது காட்டி, “பார்த்துட்டுக் கூப்பிடறோம்” என்பதைக் கேட்டுவிட்டு வருவேன். தெலுங்கு பேசின அந்தத் தம்பியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தேன்கனிக்கோட்டை ரோட்டில் வேறு யாருக்கோ வில்லா மனை விற்கிறானாம். “எனக்கே மூணு மாச சம்பளம் பாக்கிங்க்கா” என்றான். அவனைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

போன மாதம் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு அந்த ஆபீசிலேயே நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டார். அதற்குத்தான் அந்த இரண்டு லட்ச செக். கண்ணாடிப் பெட்டியின் மேல் பிளெக்ஸ் பேனரைப் போர்த்தி மூலையில் தள்ளி வைத்திருந்தார்களாம்.

வக்கீல் சொன்னதில் தலையில் ஏறியதை மட்டும் சொல்கிறேன். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, எட்டு வீட்டுக்கு மேலோ இருந்தால் ரேராவில் பதியாமல் விளம்பரமே செய்யக் கூடாது, புக்கிங் வாங்கவும் கூடாது. 2016-ல் வந்த ரேரா சட்டத்திலேயே இருக்கிறது. ‘பிரீ லான்ச்’ என்று சொல்லி வாங்குவது அந்தப் பதியாத புக்கிங்கைத்தான். அதே மாதிரி, பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எங்களுக்குப் பத்து சதவீதம் 3,97,800. வாங்கியது 6,40,000. எங்கள் கையில் இருப்பது ரப்பர் ஸ்டாம்ப் குத்தின ரசீது.

நீங்கள் செய்ய வேண்டியது: ரேரா நம்பரை நீங்களே தளத்தில் போட்டு, அதே ஊர், அதே சர்வே நம்பர்தானா என்று பாருங்கள். நம்பர் இருக்கிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். பட்டாவும் வில்லங்கமும் ஆன்லைனிலேயே கிடைக்கும், அவர்கள் தரும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். வேறு பெயர் அக்கவுண்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். லோன் வேண்டாம் என்றாலும் பாங்கில் ஒரு தடவை காட்டிவிடுங்கள், டோக்கனுக்கு முன்னால். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை.

செக் திரும்பிய தகவல் கிடைத்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டுமாம். வக்கீல் நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ரசீது, ரிட்டர்ன் மெமோ, வாட்ஸப் பேச்சு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தாக வேண்டும். அத்தையிடம் செக் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.