சிப் ஆய்வகக் கவுனும் ஊசி மருந்துக் கவுனும்: வெள்ளை ஒன்றுதான், விதி வேறு

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் போன வாரம் கூப்பிட்டான். "அண்ணே, ரெண்டு வருஷம் நானோ ஃபேப்ல இருந்திருக்கேன், கவுனிங் எல்லாம் அத்துப்படி. இப்ப ஊசி மருந்து கம்பெனில சேரப்போறேன். அங்க புதுசா என்ன இருந்துடப் போகுது?" என்றான். ஃபேப் என்றால் சிப் செய்யும் ஆய்வகம், கவுனிங் என்றால் சுத்த அறைக்குள் போகும் முன் மேலுடை மாட்டும் முறை. போனில் அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. நானும் அவனைப் போலத்தான், சில வருடம் சிப் செய்யும் ஆய்வகத்தில் இருந்துவிட்டுக் கிருமியற்ற மருந்து நிரப்பும் பிரிவுக்கு வந்தவன். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., மும்பை ஐ.ஐ.டி. மாதிரியான இடங்களில் இருக்கும் நானோ ஃபேப்கள் வெளியூர் மாணவர்களையும் பயிற்சிக்கு எடுப்பதால், இப்படி ஒரு பக்கம் கற்றுக்கொண்டு மறுபக்கம் போகிறவர்கள் இப்போது நிறைய. அவர்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒற்றுமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்றுவதே அதுதான். சிப் ஆய்வகத்தில் லித்தோகிராஃபி (ஒளியால் சிப்பின் வடிவத்தைப் பதிப்பது) நடக்கும் பகுதி பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 5 அல்லது 6. இது அறைக் காற்றின் சுத்தத்துக்கான தர எண், எண் குறையக் குறையச் சுத்தம் அதிகம். மருந்து நிரப்பும் இடமான ‘கிரேடு ஏ’வின் துகள் கணக்கும் ஐ.எஸ்.ஓ. 5 அளவுதான்: ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது. பழைய ஆட்கள் ‘கிளாஸ் 100’ என்று சொல்வதும் இதையே. இரண்டு இடத்திலும் கூரையில் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி, அதிலிருந்து சீராகக் கீழே இறங்கும் காற்று. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் வில்லிஸ் விட்ஃபீல்ட் கண்டுபிடித்த அந்த ஒரே யோசனையில்தான் இரண்டும் நிற்கின்றன. அந்தக் காற்று திறந்த பொருளை முதலில் தொட வேண்டும், உங்கள் கையையோ தலையையோ தொட்டுவிட்டு வரக் கூடாது. வேஃபர் (சிப் செய்யும் சிலிக்கான் தட்டு) மேல் குனியாதே என்று ஃபேபில் சொல்வதும், திறந்த குப்பிக்கு மேலே கை கொண்டுபோகாதே என்று மருந்தகத்தில் (நான் மருந்தகம் என்பது ஊசி மருந்து நிரப்பும் ஆலையை) சொல்வதும் இந்த ஒரே காரணத்துக்காக.

இங்கிருந்து பாதை பிரிகிறது. ஃபேபில் எதிரி, துகள். அது செத்த தோல் செதிலா, நூல் பிசிறா, பாக்டீரியாவா என்று வேஃபருக்குக் கவலையில்லை, எல்லாமே குறைதான். கூடவே வியர்வையில் இருக்கும் சோடியம். டிரான்சிஸ்டரின் மெல்லிய ஆக்சைடுக்குள் அது புகுந்தால் அயனிகள் உள்ளேயே நகர்ந்து சாதனத்தின் குணத்தையே மாற்றிவிடும். அதனால்தான் கையுறை போட்டிருந்தாலும் வேஃபரை விரலால் தொடாமல் டுவீசரால் எடுக்கச் சொல்கிறார்கள். மருந்து நிரப்பும் அறையில் துகளும் எதிரிதான், ஆனால் உயிருள்ள துகள்தான் முதல் எதிரி. ஒரு கிருமி ஒரு குப்பிக்குள் விழுந்தால் அது அங்கேயே பெருகலாம். அந்தக் குப்பி யாரோ ஒருவரின் ரத்தக் குழாய்க்குள் போகும், அவர் ஏற்கெனவே நோயாளி.

இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு 2023-ஐ நினைவுபடுத்துகிறேன். சென்னைக்குப் பக்கத்தில் தயாரான செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தோடு தொடர்புபட்ட சூடோமோனாஸ் பாக்டீரியா தொற்று அமெரிக்காவில் 18 மாநிலங்களில் 81 பேரைப் பாதித்தது. 4 பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள், சிலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. கவுன் ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் கிருமியற்றது என்று லேபிள் ஒட்டும் வேலையில் ஒரு ஓட்டைக்கு என்ன விலை என்பதற்கு இதைவிட அருகில் வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

போடும் முறை

ஃபேபில் நாம் பழகியது இதுதான். ஒட்டும் பாயில் மிதித்து, ஷூ கவர் போட்டு, தலைக்கு வலை, மாஸ்க், உள் கையுறை. அப்புறம் ஹூட் (தலையையும் கழுத்தையும் மூடுவது), அதன் கீழ்ப்பகுதியை உள்ளே விட்டு கவரால் (உடம்பு முழுக்க மூடும் ஒரே உடை), கவராலின் கால் பகுதியை உள்ளே விட்டு பூட், கடைசியில் கண்ணாடியும் வெளிக் கையுறையும். மேலிருந்து கீழே. தலையிலிருந்து உதிர்வது கீழே போட்ட சுத்தமான துணியில் விழாமல் இருக்க இந்த வரிசை. பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாகப் பூட் மாட்டி, மாட்டிய காலை மட்டும் பெஞ்சுக்கு அந்தப் பக்கம், சுத்தமான பகுதியில் வைக்க வேண்டும். கவரால் தரையைத் தொடக் கூடாது. இதைப் பழகின ஆள் ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடலாம். உள்ளே ஜீன்ஸும் டீ ஷர்ட்டும் போட்டிருந்தால் பல ஆய்வகங்களில் பிரச்சினை இல்லை. கண்ணைச் சுற்றி முகம் கொஞ்சம் தெரியும், அதற்கும் யாரும் எதுவும் சொல்வதில்லை.

மருந்தகத்தில் வெளி உடையோடு முதல் அறையைத் தாண்ட முடியாது. அதைக் கழற்றி ஆலை கொடுக்கும் உடைக்கு மாறி, நகம் வரை கை கழுவி, அடுத்த அறையில் கிருமிநாசினி பூசி, முதல் ஜோடி கிருமியற்ற கையுறையைப் போட்ட பிறகுதான் கவுன் பொட்டலத்தைப் பிரிக்கவே கை வைக்கலாம். அந்தக் கவுன் உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து வந்திருக்கும், உள்பக்கத்தை மட்டும்தான் தொட வேண்டும். ஹூட், மாஸ்க், கவரால், பூட், கிருமியற்ற காகிள்ஸ், பிறகு இரண்டாவது கையுறை, அதற்குள் சட்டைக்கை முனை. முடித்து நிற்கும்போது தோல் ஒரு துளிகூட வெளியே தெரியக் கூடாது. 2022-ல் திருத்தி 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஜி.எம்.பி. (மருந்து உற்பத்தி விதிகள்) அனெக்ஸ் 1 இதைத் தெளிவாகவே சொல்கிறது. பழகிய ஆளுக்கும் பதினைந்து நிமிடமாவது ஆகும். நடுவில் எதையாவது தரையில் தட்டிவிட்டால் அந்தத் துண்டு குப்பைக்கு, புதிது எடு.

அதாவது ஃபேபில் ‘சுத்தமான துணி தரையைத் தொடாதே’ என்பது விதி. மருந்தகத்தில் ‘உன் கையே அசுத்தம், அது கவுனின் வெளிப்பக்கத்தைத் தொடாதே’ என்பது விதி. ஃபேபிலிருந்து வருகிறவன் தவறுவது இங்கேதான், ஏனென்றால் கவராலின் முன்பக்கத்தைப் பிடித்து ஜிப் இழுத்து, அப்படியே உள்ளங்கையால் தட்டிச் சரிசெய்வது அவன் கைக்கே பழக்கமாகிவிட்டிருக்கும்.

சோதிக்கும் முறை: இதில் மருந்தகம்தான் மேல்

சிப் ஆய்வகத்தில் முதல் நாள் ஒருவர் கூட இருந்து பார்ப்பார், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அதன்பிறகு நீங்கள் ஐந்து வருடம் ஹூட்டுக்கு வெளியே முடி நீட்டிக்கொண்டு திரிந்தாலும் பக்கத்தில் இருக்கும் நண்பன் சொன்னால்தான் உண்டு. வேஃபரில் குறை வந்தால் எந்திரத்தைத் திட்டுவோம், ரெசிஸ்டை (வேஃபர் மேல் பூசும் ஒளிப்பூச்சு) திட்டுவோம், அந்த முடியை யாரும் நினைப்பதில்லை.

மருந்தகத்தில் உங்கள் கவுனே சாட்சி சொல்லும். போட்டு முடித்தவுடன் அகார் தட்டுகளை (கிருமி வளரும் கூழ் நிரப்பியவை) மார்பு, முன்கை, ஹூட் என்று அழுத்தி எடுப்பார்கள், விரல் நுனிகளைத் தனித் தட்டில் பதிப்பார்கள். சில நாள் இன்குபேட்டரில் வைத்துப் பார்த்தால் நீங்கள் எங்கே தொட்டீர்கள் என்பது புள்ளி புள்ளியாக வளர்ந்து நிற்கும். பல ஆலைகளில் தொடர்ந்து மூன்று முறை தேற வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது மறுபடியும் சோதனை. நான் என் முதல் முயற்சியில் தேறவில்லை. இடது முன்கைத் தட்டில் இரண்டு புள்ளிகள். காகிள்ஸ் நழுவுகிறது என்று முன்கையால் அதைத் தள்ளிவிட்டது எனக்கு நினைவே இல்லை, மேற்பார்வையாளர் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. நான்கு வருட ஃபேப் அனுபவம் கற்றுத் தராததை அந்த இரண்டு புள்ளிகள் கற்றுத் தந்தன. நம் பல்கலைக்கழக ஃபேப்களும் இதில் பாதியையாவது எடுத்துக்கொள்ளலாம், அகார் தட்டு வேண்டாம், கவுன் போட்ட ஆளைத் துகள் எண்ணும் கருவி முன்னால் ஒரு நிமிடம் நடக்க விட்டாலே போதும்.

உன்னைக் காப்பாற்றுவது எது: இதில் இரண்டுமே இல்லை

இதைத்தான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இரண்டு கவுனும் பொருளை உங்களிடமிருந்து காப்பாற்றுகின்றன. உங்களைப் பொருளிடமிருந்து காப்பாற்ற அவை தைக்கப்படவில்லை. மருந்தகத்தில் சாதாரண மருந்து என்றால் இதனால் பெரிய ஆபத்து வராது (புற்றுநோய் மருந்து என்றால் கதை வேறு, அங்கே ஐசோலேட்டர் மாதிரி மூடிய பெட்டி அமைப்பு இல்லாமல் கை வைக்கவே கூடாது). ஃபேபில் அப்படி இல்லை. தலை முதல் கால் வரை மூடியிருப்பதால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பு தானாக வந்துவிடுகிறது. அந்த நினைப்போடுதான் பையன்கள் வெட் பெஞ்சில் (அமிலத்தில் வேஃபரைக் கழுவும் மேசை) ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தின் (எச்.எஃப்.) முன்னால் போய் நிற்கிறார்கள்.

எச்.எஃப். மற்ற அமிலங்களைப் போல உடனே சுடாது. நீர்த்த கரைசல் பட்டால் மணிக்கணக்கில் வலியே தெரியாமல் இருக்கும், அதற்குள் ஃப்ளோரைடு தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அளவு அதிகமானால் இதயமே நின்றுவிடலாம். கவரால் துணி அதை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும், மெல்லிய நைட்ரைல் கையுறையும் அதற்குப் போதாது. கவுனுக்கு மேலே அமில ஏப்ரன், முகக் கவசம், முழங்கை வரை வரும் தடித்த நியோப்ரீன் கையுறை, பக்கத்தில் 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல், அதன் காலாவதி தேதியைப் பார்த்து வைத்த ஒரு ஆள், தனியாக வேலை செய்யாமல் கூட இன்னொருவர். பட்டுவிட்டால் துணியைக் கழற்றித் தண்ணீரில் கழுவி, ஜெல் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்கு. வலிக்கவில்லையே என்று காத்திருக்கக் கூடாது.

தென்கொரியாவின் கிஹூங்கில் சாம்சங் சிப் ஆலையில் வேலை செய்த ஹ்வாங் யூ-மி 2007-ல் லுக்கேமியாவில் இறந்தபோது அவருக்கு வயது 22. வேஃபர்களை ரசாயனத்தில் முக்கி எடுக்கும் வேலை. டாக்சி ஓட்டுநரான அவருடைய அப்பா ஹ்வாங் சாங்-கி வருடக்கணக்கில் போராடினார், 2011-ல் சியோல் நீதிமன்றம் அதைத் தொழில்சார் நோய் என்று ஏற்றது, 2018 நவம்பரில் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. வெள்ளை உடையில் கண் மட்டும் தெரிய நிற்கும் ஃபேப் தொழிலாளர் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வருகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு வித்தியாசம், வெளியேறும் விதி. மருந்தகத்தில் வருடக்கணக்கில் பழகினால் ‘கதவை நினைத்தபடி திறக்காதே, அறைகளுக்கு இடையிலான காற்றழுத்த வித்தியாசம் போய்விடும்’ என்பது ரத்தத்தில் ஊறிவிடும். ஃபேபில் சைலேன், ஃபாஸ்ஃபீன், ஆர்சீன் போன்ற வாயுக்கள் ஓடுகின்றன. சைலேன் காற்றில் பட்டாலே தீப்பிடிக்கும். அலாரம் அடித்தால் கவுனோடே, பூட்டோடே, மிக அருகில் உள்ள அவசரக் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும். கவுனிங் அறைக்குப் போய் ஒழுங்காகக் கழற்றி ஹேங்கரில் மாட்டுகிறவர்களை நான் ஒத்திகைகளில் பார்த்திருக்கிறேன், பயமாக இருக்கும்.

துணியும் கையுறையும்

மறுபடி பயன்படுத்தும் பாலியெஸ்டர் கவரால், கார்பன் இழை கட்டம் கட்டமாக ஓடுவது, நிலைமின்சாரத்தைக் கடத்திவிடும், உடம்பில் காற்றும் கொஞ்சம் போகும். ஃபேபுக்கு அதுவே போதும், வாரம் ஒரு முறை கிளீன்ரூம் சலவைக்குப் போனால் சரி. மருந்தகத்தில் ஒவ்வொரு நுழைவுக்கும் புதிதாகக் கிருமி நீக்கிய கவுன் வேண்டும். அங்கே டைவெக் மாதிரியான ஒருமுறை கவுனும் ஓடுகிறது, சலவை செய்து மறுபடி கிருமி நீக்கிய பாலியெஸ்டரும் ஓடுகிறது. டைவெக் பாலிஎத்திலீன் என்பதால் 135 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும், வழக்கமாகக் காமா கதிர் அடித்துத்தான் வரும். நாள் முழுக்க வேலை என்றால் பாலியெஸ்டர்தான் என் தேர்வு, டைவெக்கில் வியர்த்துக் கொட்டுகிறவன் முகத்தைத் தொடாமல் இருக்க மாட்டான்.

கையுறையில் அதிகம் பேச வேண்டியதில்லை, இரண்டு இடத்திலும் நைட்ரைல். லேடெக்ஸ் ஒவ்வாமை தரும், வினைல் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் ரசாயனத்தைக் கசியவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், அசிட்டோன் மெல்லிய நைட்ரைலுக்குள் மிகச் சீக்கிரம் புகுந்துவிடும். பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள், துடைத்துவிட்டுத் தொடராதீர்கள்.

தம்பியிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். ஃபேப் பழக்கத்தில் மெதுவாக நடப்பது, குனியாமல் நிற்பது, பேசாமல் இருப்பது மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு போ. கவுன் போடும் கையை மட்டும் புதிதாகப் பழக்கு, வீட்டில் மழைக்கோட்டை வைத்து உள்பக்கத்தை மட்டும் தொட்டுப் போட்டுப் பார். தாடி இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றான். கவர் போட்டால் விடுவார்கள், ஆனால் மாஸ்க் ஓரத்தில் அது இடைவெளி விடும், எடுத்துவிடு என்றேன். கவுனையும் ஒரு சைஸ் பெரியதாகக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இறுக்கமாக இருந்தால் குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் காற்று கழுத்து வழியாகத் துருத்தி ஊதுவது போல வெளியே வரும்.