ஒரே முகவரி, இரண்டு பிள்ளைகள்: மூன்று கல்வியாண்டாக வேர்ட் மெயில் மெர்ஜ்

அண்ணன் ஆறாம் வகுப்பு, தங்கை மூன்றாம் வகுப்பு. இருவருக்கும் பதிவில் இருப்பது அப்பாவின் மின்னஞ்சல். "ஒருத்தருக்குத்தான் கட்டணக் கடிதம் வந்திருக்கு" என்று பள்ளிக்கு போன் வந்தால், பெரும்பாலும் இரண்டுமே போய்ச் சேர்ந்திருக்கும். இப்படிப்பட்ட வீடுகளுக்கு வேர்டின் மெயில் மெர்ஜில் கடிதம் அனுப்புவது பற்றி வேறொரு பள்ளி அலுவலகத்து நண்பர் கேட்டதால் எழுதுகிறேன்.

மெயில் மெர்ஜ் என்பது இதுதான்: எக்செல் பட்டியல், வேர்டில் கடிதம், அவுட்லுக் வழியே அனுப்புதல். இதில் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கடிதம் போகும். முகவரி ஒன்றாக இருந்தாலும் கவலையில்லை. இந்த ஒரு குணத்துக்காகவே இதை விடவில்லை. மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் பட்டியல் சேவைகள் பலவற்றில் முகவரிதான் ஆளின் அடையாளம். தங்கையின் வரியை ஏற்றினால் அண்ணனின் பெயர் போய்விடும். அதே முகவரியைப் பார்க்கும் அம்மா 'இனி வேண்டாம்' என்று அழுத்தினால் அப்பாவுக்கும் நின்றுவிடும்.

எரிச்சல் சப்ஜெக்டில்தான். வேர்டின் சப்ஜெக்ட் பெட்டியில் மெர்ஜ் ஃபீல்டு, அதாவது பட்டியலிலிருந்து பெயர் வந்து நிரம்பும் இடம், போட முடியாது. எல்லோருக்கும் ஒரே வரிதான். அனுப்புநரும் சப்ஜெக்டும் ஒன்றாக இருந்தால் ஜிமெயில் பெரும்பாலும் இரண்டையும் ஒரே உரையாடலாகக் கோத்துவிடும். இன்பாக்ஸில் ஒரே வரி, பக்கத்தில் '2' என்று சின்ன எண். திறந்தாலும், முதல் கடிதத்தில் இருந்த பத்திகள் இரண்டாவதில் மூன்று புள்ளிக்குள் மடங்கிக் கிடக்கும். தங்கையின் கடிதம் இப்படித்தான் கண்ணுக்குத் தப்பும்.

இதற்குப் பலன் தந்த வழி: எக்செலில் 'எத்தனையாவது' என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். கவுண்ட்இஃப் சூத்திரத்தில் வரம்பின் தொடக்க வரியை மட்டும் டாலர் குறியால் பூட்டி, அந்த முகவரி நடப்பு வரிவரை எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 1, 2, 3 என்று விழும். வேர்டின் 'எடிட் ரெசிபியன்ட் லிஸ்ட்'டில் 1 உள்ள வரிகளை மட்டும் வடிகட்டி எடுத்து ஒரு சப்ஜெக்டில் அனுப்புங்கள், பிறகு 2 உள்ளவற்றை வேறு சப்ஜெக்டில். அதற்கு முன்பே முகவரி நெடுவரிசையை டிரிம் செய்து, வேண்டாத இடைவெளிகளை நீக்கிவிடுங்கள். கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலும் எண்ணிக்கை தப்பும். ஜிமெயில் பெயரில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டி ஒன்றே, எக்செலுக்கு அது தெரியாது. அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் ஒன்றாக்க வேண்டும். அதே ஜன்னலில் இருக்கும் 'ஃபைண்ட் டூப்ளிகேட்ஸ்' பக்கம் போகாதீர்கள். அங்கே ஒரு டிக்கை எடுத்தால் ஒரு பிள்ளைக்குக் கடிதமே போகாது.

ஆண்டுவிழா அழைப்பு போன்றவற்றுக்கு வீட்டுக்கு ஒரு கடிதம் போதும். டெக்ஸ்ட்ஜாயின் சூத்திரத்தால் பிள்ளைகளின் பெயர்களை ஒரே செல்லில் சேர்க்கலாம். எக்செல் 2019 முதல் உண்டு. தொகைகளையும் அப்படிச் சேர்ப்பதானால் முதலில் டெக்ஸ்ட் சூத்திரத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் 4,500 என்பது 4500 என்று நிற்கும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. ஒரு வரியையும் விழுங்காத கருவிக்கு இது குறைவுதான், தெரியும். ஆனால் சப்ஜெக்டில் பிள்ளையின் பெயரைப் போட முடியாத கடிதத்தை 'உங்கள் பிள்ளைக்கான கடிதம்' என்று பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?