தண்ணீர் வடிந்ததுமே கேட்டுக்கு வரும் காண்ட்ராக்டர்கள், கவனம்!

பெங்களூரில் ஹொரமாவு, ராமமூர்த்தி நகர் பக்கம் இருப்பவர்கள் அடுத்த மழைக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 2025 மே மழையில் சாய் லேஅவுட் மூழ்கியதே, அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். சேறு அள்ளி முடிப்பதற்குள் ஒரு காண்ட்ராக்டர் வந்துவிட்டார், “அக்கா, நானும் தமிழ்தான், வீட்டைப் பழையபடி ஆக்கித் தரேன்” என்று. ஊறிய பூச்சை இடுப்பளவுக்குக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசுவது, கீழே இருக்கிற சுவிட்ச் பாக்ஸ், ஒயர் எல்லாவற்றையும் மாற்றுவது, மொத்தம் 1,80,000 ரூபாய் என்று பேச்சு. முன்பணமாக மட்டும் ஒரு லட்சம் வாங்கிக்கொண்டார்.

செய்தது என்ன தெரியுமா? ஈரச் சுவர் மேலேயே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிட்டு மீதிப் பணத்தையும் வாங்கிப் போய்விட்டார். தீபாவளிக்குள் சுவரெல்லாம் உப்பு பூத்து, பட்டி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதைக்கூட விடுங்கள், கிரைண்டரைத் தொட்ட மாமியாருக்கு ஷாக் அடித்தது. வேறு எலக்ட்ரீஷியன் வந்து பாக்ஸைத் திறந்தால் உள்ளே சேறு காய்ந்து கிடக்கிறது, அதே பழைய ஒயர், சுவிட்ச் மட்டும் புதுசு! சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வந்ததோ.

வெள்ளத்தில் ஊறிய செங்கல் சுவர் உள்ளே காய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், உள்ளே நீர்த்துளி கோத்தால் பட்டி பக்கமே போகக்கூடாது. ஒயரிங் முடிந்ததும் மெக்கர் (ஒயரில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் கருவி) வைத்து டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் கட்டாயம் போடுங்கள். பணத்தை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள், எந்த அறையில் என்ன வேலை என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், வீட்டு இன்சூரன்ஸ் இருந்தால் சர்வேயர் பார்ப்பதற்கு முன்னால் எதையும் கொத்த விடாதீர்கள்.

எங்களுக்குப் பில்லும் தரவில்லை. யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, சுவர் படங்களை வைத்து 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் செய்திருக்கிறோம், சரியாகவில்லை என்றால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போக வேண்டும். இதே மாதிரி ஏமாந்தவர்கள் போனில் இருக்கிற எதையும் அழித்துவிடாதீர்கள்.